மூச்சும் முறையும்

அவைத்தலைவர் அவர்களுக்கும், அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கும், ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும் என் வணக்கம்.

ஊர்ப் பள்ளியில் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. என்னை அழைக்க வந்த அவர் பிள்ளைகள், "இலக்கியம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள் ஐயா, அப்பாவுக்குப் பிடித்த இலக்கணத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதனால் மிகச் சிறிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே அமைப்புள்ள நீண்ட தொடர்கள் வரிசையாக வரும்போது அவற்றுக்கு நடுவே என்ன குறி போடுவது? காற்புள்ளியா, அரைப்புள்ளியா? இதற்காகவா ஒரு மாலைப்பொழுது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தக் கேள்வியால் ஒரு நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. ஒரு நாட்டின் பிறப்புச் சாசனத்துக்கு என்ன பொருள் என்று இதை வைத்து அறிஞர்கள் வாதாடுகிறார்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் இதைக் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கும் வேலை. முதல் வாரமே ஒரு கிரயப் பத்திரம் என் மேசைக்கு வந்தது. பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம், அதில் நான்கெல்லை. வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் மகன் இன்னாருக்கும் அவர் தம்பிக்கும் பாத்தியப்பட்ட நஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, கோயில் தோப்புக்குக் கிழக்கு, இதற்கு உட்பட்ட நிலம் என்று எழுதியிருந்தது. கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட, ஒருவர் வாசிக்கக் கேட்டாலே, நிலத்தின் நான்கு பக்கத்தையும் மனக்கண்ணில் பார்த்துவிடுவார்.

நான் அதை இப்படி எழுதினேன்: சவுத் ஆஃப் தி சேனல், வெஸ்ட் ஆஃப் தி வெட் லேண்ட் ஆஃப் இன்னார், சன் ஆஃப் இன்னார், அண்ட் ஹிஸ் பிரதர், நார்த் ஆஃப் தி கார்ட் டிராக், அண்ட் ஈஸ்ட் ஆஃப் தி டெம்பிள் குரோவ். எல்லா இடத்திலும் காற்புள்ளி. வாய்விட்டுப் படித்தபோது எங்கெல்லாம் நின்றேனோ அங்கெல்லாம் ஒன்று போட்டேன். அலுவலகத்துப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"நான்கெல்லைதானே தம்பி? நீங்க ஆறு எழுதியிருக்கீங்களே."

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். "இந்தத் தம்பிக்காரன் நிலத்துல பங்காளியா, இல்ல அவனே ஓர் எல்லையா? தமிழ்ல தெளிவா இருக்கு. உங்க இங்கிலீஷ்ல தெரியலையே."

பிறகு சிவப்பு மையால் மூன்றே மூன்று இடத்தில் காற்புள்ளியின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். சேனல் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்று, பிரதர் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்று, டிராக் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்று. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஆறாகச் சிதறிக் கிடந்தது நான்காகச் சேர்ந்துகொண்டது. மகன் என்பதும் தம்பி என்பதும் இரண்டாம் எல்லைக்குள் போய் அடங்கின. இன்றும் அரைப்புள்ளி என்றால் எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் கண்ணில் வருகின்றன.

அன்று நான் செய்த தவறு ஒருவனுடைய கவனக்குறைவு மட்டுமல்ல. தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போகிற எல்லோருக்கும் இதில் ஒரு பொதுவான வழுக்கல் உண்டு. அதற்குக் காரணம் இந்தக் குறிகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களிலேயே இருக்கிறது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. அழகான பெயர்கள்; படியால் அளப்பதுபோல அளக்கிற பெயர்கள். ஆனால் எதை அளக்கின்றன? நிற்கும் நேரத்தை. காற்புள்ளியில் கொஞ்சம் நில், அரைப்புள்ளியில் இன்னும் கொஞ்சம் நில் என்றுதான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்துக்கே மாத்திரை கணக்கிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் அளவாக வைத்த மரபு நம்முடையது. நிறுத்தத்தையும் நேரமாகப் பார்ப்பது நமக்கு இயல்பு.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். ராபர்ட் லோத் என்ற பாதிரியார் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலில், நான்கு நிறுத்தக்குறிகளையும் இசைக்குறிகளோடு ஒப்பிட்டார். முற்றுப்புள்ளிக்கு முழு நேரம். முக்காற்புள்ளிக்கு அதில் பாதி. அரைப்புள்ளிக்கு அதிலும் பாதி. காற்புள்ளிக்கு அதிலும் பாதி. சபையில் உரக்கப் படிப்பதற்காக எழுதிய காலத்தில் இந்தக் கணக்குப் பயன்பட்டிருக்கும். பின்னால் கண்ணால் படிப்பது பெருகப் பெருக, ஆங்கிலக் குறிகள் மூச்சை விட்டு வாக்கியத்தின் உள்கட்டைக் காட்டும் வேலைக்குப் போய்விட்டன. நாம் பெயரை வைத்துக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்கிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நீண்ட இணைத்தொடர்களில் குறி காட்ட வேண்டியது மூச்சை அல்ல, முறையை. தமிழில் முறை என்ற சொல்லுக்கு ஒழுங்கு என்றும் பொருள், உறவு என்றும் பொருள். புதிதாக ஒருவரைப் பார்த்தால் "உங்களுக்கு அவர் என்ன முறை?" என்று கேட்கிறோமே, அந்த முறை. வாக்கியத்துக்குள் வரும் தொடர்களில் எவை எவை உடன்பிறந்தவை, எது எதன் பிள்ளை என்பதைப் படிப்பவர் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு எல்லைகளும் உடன்பிறந்தவை. இன்னார் மகன் என்பது இரண்டாவதன் பிள்ளை. உடன்பிறந்தவற்றுக்கு ஒரு குறி, பிள்ளைகளுக்கு வேறு குறி. பெரியவர் செய்தது அதுதான்.

தமிழில் அந்தப் பத்திரம் ஏன் தானாகவே தெளிவாக இருந்தது? ஓலையில் எழுதிய நம் முன்னோர் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் அறியார். அச்சு வந்த பிறகு ஆறுமுக நாவலர் போன்றோர் கையில்தான் நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. அதற்கு முன் நூற்றாண்டு நூற்றாண்டாகக் குறியே இல்லாமல் நெடுவாக்கியங்கள் எழுதியிருக்கிறார்கள், பொருள் குழம்பவில்லை. காரணம், முறையைக் காட்டும் வேலையைத் தமிழில் சொல்லின் வாலே செய்துவிடுகிறது. தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற திசைச்சொல் ஒவ்வோர் எல்லையின் கடைசியிலும் வந்து அதைப் பூட்டிவிட்டது. இன்னாருக்கும் தம்பிக்கும் என்ற இரண்டு உம்மைகள் அவ்விருவரையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டன. இன்று நான் பேசத் தொடங்கிய முதல் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள்: தலைவருக்கும், குடும்பத்தாருக்கும், ஆசிரியர்களுக்கும், மாணவர்களுக்கும். அதில் காற்புள்ளிகளை எல்லாம் எடுத்துவிட்டாலும் நான்கு தரப்பு நான்காகவே இருக்கும்.

எண்ணும் சொற்களைப் பற்றி நன்னூலில் ஒரு நூற்பா இருக்கிறது. உருபு எதுவும் இல்லாமல் பெயர்களை அடுக்கினால், அதாவது செவ்வெண்ணாக அடுக்கினால், முடிவில் தொகை கொடுக்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். நிலம் நீர் தீ வளி வான் ஐந்தும் என்று சொன்னால் ஐந்து என்பது தொகை. உம்மை கொடுத்து எண்ணினால் தொகை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இந்த விதியின் நுட்பத்தை நான் ஆங்கிலத்தோடு மல்லாடிய பிறகுதான் உணர்ந்தேன். உறுப்புகளின் மேல் அடையாளம் இல்லையென்றால், வரிசை எங்கே முடிகிறது, எத்தனை உறுப்பு என்பதை வேறு ஏதாவது ஒன்று உறுதிசெய்தே ஆகவேண்டும் என்று அவர் கண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எல்லா வரிசையும் கிட்டத்தட்டச் செவ்வெண். கடைசி உறுப்புக்கு முன்னால் ஓர் அண்ட், அல்லது ஓர் ஆர். மற்றதெல்லாம் குறிகளின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் ஒரு குறி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த மாநிலச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. விளைபொருள், இறைச்சி, மீன், அழுகும் உணவு ஆகியவற்றை டப்பாவில் அடைத்தல், பக்குவப்படுத்தல், கெடாமல் காத்தல், உறையவைத்தல், உலர்த்தல், விற்பனைப்படுத்தல், இருப்பு வைத்தல் என்று ஏழு செயல்கள் அப்போது காற்புள்ளி இட்டு வந்தன. அதன் பிறகு கடைசியாக, பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன். ஷிப்மென்ட் என்பதற்குப் பிறகு காற்புள்ளி இருக்கவில்லை.

ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் தங்களுக்கு மிகுநேரக் கூலி வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் பாலைக் கடைகடையாக விநியோகிக்கிறார்கள். எதையும் பொதி கட்டுவதில்லை. விநியோகம் என்பது தனியாக ஒன்பதாவது விலக்கு என்றால் அவர்களுக்குக் கூலி இல்லை. அது பொதி கட்டுதலுக்குள் அடங்கியது, அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி கட்டுவது என்று பொருள் என்றால் கூலி உண்டு. அதாவது, டிஸ்ட்ரிபியூஷன் என்ற சொல் பேக்கிங்குக்கு உடன்பிறப்பா, பிள்ளையா? கிரயப் பத்திரத்துத் தம்பிக்காரனைப் பற்றிப் பெரியவர் கேட்ட அதே கேள்வி.

நிறுவனத்தின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. ஷிப்மென்ட், டிஸ்ட்ரிபியூஷன் இரண்டையும் ஒரே கட்டில் போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் ஆகிறது என்றார்கள். அந்த ஆர் உள்ளே போய்விட்டால் வரிசையின் கடைசி உறுப்பைக் காட்ட வேறு இணைப்புச்சொல்லே இல்லாமல் போகிறது என்றார்கள். கடைசி இணைப்புச்சொல்லுக்கு முன் காற்புள்ளி போடாதே என்று மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே சொல்கிறது என்றும் காட்டினார்கள். ஓட்டுநர் தரப்பு வேறோர் இடத்தைத் தொட்டது. வரிசையில் உள்ள செயல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் 'இங்' என்ற விகுதியில் முடிகின்றன: கேனிங், பிராசஸிங், ஃப்ரீஸிங், பேக்கிங். ஷிப்மென்ட், டிஸ்ட்ரிபியூஷன் இரண்டு மட்டும் அப்படி முடியவில்லை. உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே சாயலில் இருக்க, இந்த இரண்டு மட்டும் வேறு சாயலில், ஒன்றையொன்று ஒத்து இருக்கின்றன. ஆகவே இவை இரண்டும் 'ஃபார்' என்ற சொல்லின் பிள்ளைகள்.

மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் அதை மாற்றியது. ஒரு காற்புள்ளி இல்லாததால் இந்த வழக்கே வந்தது என்றுதான் நீதிபதி டேவிட் பாரன் தீர்ப்பைத் தொடங்குகிறார். சட்டம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. தொழிலாளர் நலச் சட்டத்தில் ஐயம் வந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்பது முடிவு. அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

செய்தித்தாள்கள் இதைக் காற்புள்ளி வழக்கு என்று எழுதின. என் கண்ணில் பட்டது மெய்ன் சட்டமன்றம் அதற்குப் பிறகு செய்த திருத்தம். விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. வரிசை முழுவதும் காற்புள்ளிகளை எடுத்துவிட்டு அரைப்புள்ளி போட்டார்கள். கூடவே டிஸ்ட்ரிபியூஷன் என்ற சொல்லை டிஸ்ட்ரிபியூட்டிங் என்று மாற்றினார்கள். என்னைக் கேட்டால் அரைப்புள்ளிகளைவிட அந்த ஒரு விகுதிதான் பெரிய வேலை செய்திருக்கிறது. குறி முறையை அறிவிக்கத்தான் முடியும், உண்டாக்க முடியாது. தொடர்களை ஒரே வார்ப்பில் வார்க்காமல் நடுவில் எத்தனை அரைப்புள்ளி போட்டாலும் அவை இணைத்தொடர்கள் ஆகா. மாணவர்கள் என்னிடம் கட்டுரையைக் கொடுத்து "ஐயா, இங்கே என்ன குறி?" என்று கேட்கும்போது, பத்தில் ஒன்பது முறை நான் திருத்துவது குறியை அல்ல, வினைச்சொல்லின் வடிவத்தை.

வடிவம் ஒத்துப்போன பிறகு குறியைத் தேர்ந்தெடுப்பது கடினமல்ல. சீசர் சொன்னதாக வழங்கும் மூன்று வெற்றிச் சொற்களைப்போலக் குட்டித் தொடர்களாக இருந்தால் காற்புள்ளியே போதும். அங்கே அரைப்புள்ளி போட்டால் ஓட்டம் கெட்டுவிடும். தொடர் நீளமாக இருப்பதால் மட்டும் அரைப்புள்ளி வேண்டியதில்லை. ஒவ்வொரு தொடரும் தட், வென், இஃப் என்று ஒரே சொல்லில் தொடங்கி, உள்ளே காற்புள்ளி எதுவும் இல்லாமல் ஓடுமானால், அந்தத் தொடக்கச் சொல்லே நம் உம்மையின் வேலையைச் செய்துவிடும். ஆகவே அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லக் கூசாதீர்கள். ஒரு தொடருக்கு உள்ளே காற்புள்ளி வந்துவிட்டதா, அப்போது வரிசை முழுவதற்கும் ஒரு படி மேலே போங்கள். ஒன்றுக்கு மட்டும் அரைப்புள்ளி, மற்றவற்றுக்குக் காற்புள்ளி என்று பந்தியில் ஓரவஞ்சனை கூடாது. கடைசி அண்டுக்கு முன்னாலும் அரைப்புள்ளி நிற்கவேண்டும். சாதாரண வரிசையில் அந்த இடத்துக் காற்புள்ளியை விட்டுவிடும் அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் ஏபி கையேடுகூட அரைப்புள்ளி வரிசையில் அதை விடுவதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருக்கிறது. புத்தகங்கள் அதை அதிகம் பேசுவதில்லை. வகுப்புக்காக நான் எழுதிய ஒரு வாக்கியத்தில் அதைக் காட்டுகிறேன்.

வென் தி ரெயின் ஃபெயில்ஸ், வென் தி டேங்க், விச் ஒன்ஸ் ஃபெட் த்ரீ வில்லேஜஸ், ரன்ஸ் ட்ரை, வென் தி யங் மென், தி கேட்டில் அண்ட் ஈவன் தி குரோஸ் ஹேவ் லெஃப்ட், தி வில்லேஜ் லேர்ன்ஸ் டு வெயிட்.

மழை பொய்த்து, ஏரி வற்றி, இளைஞரும் மாடும் காக்கையும்கூடப் போய்விட்ட பிறகு ஊர் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது என்பது செய்தி. இதில் ஆறு காற்புள்ளிகள். ஃபெயில்ஸ், ட்ரை இரண்டுக்கும் பிறகு வருபவை உடன்பிறப்புகளுக்கு நடுவே நிற்பவை. அவற்றை அரைப்புள்ளி ஆக்கிவிடலாம். ஏரியைப் பற்றிய இரண்டும் இளைஞருக்குப் பின் வரும் ஒன்றும் உள்வீட்டு விவகாரம். அவை காற்புள்ளியாகவே இருக்கட்டும். லெஃப்ட் என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறதே, அதை என்ன செய்வது? மூன்று வென்களும் முடிந்து, அவை எல்லாவற்றையும் தாங்கும் முதன்மை வாக்கியம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே காற்புள்ளியை விட்டுவைத்தால் அரைப்புள்ளிகளைவிடச் சின்னக் குறி பெரிய வாசலில் நிற்கிறது. அரைப்புள்ளி போட்டால் தாயையும் நான்காவது பிள்ளையாக எண்ணிவிடுவார்கள். தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. "போகும்போது" என்று எச்சம் முடிந்ததும் முற்று வருகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் இந்த இடத்தில் திணறுகிறது. இதற்கு விடை கண்ட ஒருவரிடம் உங்களைக் கடைசியில் அழைத்துப் போகிறேன்.

அதற்கு முன், தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட பிறப்புச் சாசனம். 1776-ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைச் சாசனத்தின் இரண்டாம் பத்தி தட் தொடர்களின் வரிசையோடு தொடங்குகிறது. தாமே விளங்கும் உண்மைகள் என்று நாங்கள் கருதுபவை இவை என்று தொடங்கி, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்பது, பறிக்க முடியாத உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்பது, உயிரும் விடுதலையும் மகிழ்ச்சி தேடலும் அவற்றுள் அடங்கும் என்பது என்று போகிறது. அதன் பிறகு, இந்த உரிமைகளைக் காக்கவே அரசுகள் அமைக்கப்படுகின்றன என்பது; அரசு அந்த நோக்கத்தை அழித்தால் அதை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பது. அமெரிக்க அரசு ஆவணக் காப்பகம் வெளியிட்ட பாடத்தில், மகிழ்ச்சி என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. டேனியெல் ஆலன் என்ற அறிஞர் அந்தப் புள்ளி மூலத்தில் இல்லை என்று வாதிட்டார். 2014-இல் இது பெரிய செய்தி ஆனது. ஜெஃபர்சனின் கைப்படியிலும், ஜூலை 4 அன்று காங்கிரஸ் பணித்தபடி பிலடெல்பியா அச்சுக்காரர் டன்லப் அச்சிட்ட தாளிலும் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை. மூலத் தோல் ஏட்டில் மை மங்கிவிட்டதால் கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

புள்ளி இருந்தால் தாமே விளங்கும் உண்மைகள் தனிமனித உரிமையோடு நின்றுவிடுகின்றன. அரசைப் பற்றியவை வேறு வாக்கியம். புள்ளி இல்லையென்றால் அரசு எதற்காக இருக்கிறது என்பதும் அதே வரிசையில், அதே மதிப்போடு நிற்கும் உண்மை. தனிமனிதனின் உரிமை பெரிதா, மக்கள் சேர்ந்து அமைக்கும் அரசின் கடமையும் அதற்கு இணையா என்ற கேள்வி அந்த ஒரு புள்ளியில் நிற்கிறது. எனக்கு ஆலன் சொல்வதே பொருந்துவதாகப் படுகிறது. குறியை மறந்துவிட்டுத் தொடர்களின் வார்ப்பைப் பாருங்கள். ஐந்தும் தட் என்றே தொடங்குகின்றன. உடன்பிறந்த ஐவரை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிக்க வலுவான காரணம் வேண்டும்.

நம் அரசியலமைப்பின் முகப்புரையும் ஒரே ஒரு வாக்கியம். ஆங்கிலப் பாடத்தில் அதை எத்தனை பேர் குறிகளோடு படித்திருக்கிறோம்? குடிமக்கள் எல்லோருக்கும் கிடைக்கச்செய்வோம் என்றதும் ஒரு முக்காற்புள்ளி. பிறகு நீதி, அதற்குள் சமூகம், பொருளாதாரம், அரசியல் என்று மூன்று. அரைப்புள்ளி. பிறகு சுதந்திரம்; அதற்குள் எண்ணம், வெளிப்பாடு, நம்பிக்கை, சமயப்பற்று, வழிபாடு என்று ஐந்து. அரைப்புள்ளி. பிறகு சமத்துவம். உள்ளே காற்புள்ளி, வெளியே அரைப்புள்ளி, வாசலில் முக்காற்புள்ளி என்று எவ்வளவு சீராக இருக்கிறது. சமத்துவத்துக்குப் பிறகும் அரைப்புள்ளிதான். ஆனால் அதன் அடுத்து வருவது நான்காவது பிள்ளை அல்ல. சகோதரத்துவத்தை யாருக்கும் கிடைக்கச்செய்வதாகச் சொல்லவில்லை, அவர்களிடையே வளர்ப்பதாகச் சொல்கிறது. அந்த வினை, கிடைக்கச்செய்வது என்ற வினைக்கே உடன்பிறப்பு. ஒரே குறி இங்கே இரண்டு தலைமுறைக்கு வேலை செய்கிறது. படிப்பவர் குழம்பாமல் இருக்கக் காரணம் அண்ட் டு என்ற இரண்டு சின்னச் சொற்களும், அந்த வரியைத் தள்ளி அச்சிட்டிருக்கும் முறையும். நீதி, சுதந்திரம், சமத்துவம் மூன்றையும் சட்டத்தால் கொடுக்கலாம்; சகோதரத்துவத்தை வளர்க்கத்தான் வேண்டும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை வாக்கியத்தின் உள்கட்டு தாங்கி நிற்கிறது. பள்ளிகளில் முகப்புரையை உரக்கச் சொல்லவைக்கிறோம். ஒருநாளாவது கரும்பலகையில் எழுதி, யார் யாருக்கு என்ன முறை என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

இனி, நான் சொன்ன அந்த ஒருவர். 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் சிறையில் இருந்தார். போராட்டத்தை நிறுத்திவிட்டுப் பொறுத்திருங்கள் என்ற கருத்தில் எட்டு வெள்ளை மதகுருமார் வெளியிட்ட அறிக்கை அவர் கைக்குக் கிடைத்தது. செய்தித்தாளின் ஓரங்களிலும், கிடைத்த துண்டுத்தாள்களிலும் அவர் பதில் எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதத்தின் நடுவே 300 சொற்களுக்கு மேல் நீளும் ஒரு வாக்கியம் இருக்கிறது.

அது பட் வென் என்று தொடங்குகிறது. கும்பல்கள் தாயையும் தந்தையையும் கொல்வதைப் பார்த்திருந்தால் என்று ஒரு தொடர்; அரைப்புள்ளி. காவலர்கள் வசைபாடி அடித்துக் கொல்வதைப் பார்த்திருந்தால், அரைப்புள்ளி. பிறகு இரண்டு குழந்தைகள். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக்கூடாது என்று ஆறு வயது மகளுக்குச் சொல்ல வாய் வராமல் தவிக்கும்போது. வெள்ளைக்காரர்கள் ஏன் நம்மிடம் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்கும் ஐந்து வயது மகனுக்கு ஒரு பதிலைத் தேடிப் பிடிக்கும்போது. நெடுந்தூரம் போகையில் எந்த விடுதியும் இடம் தராததால் இரவிரவாகக் காரிலேயே உறங்கும்போது. இப்படிப் பத்து வென்கள். பலவற்றுக்கு உள்ளே காற்புள்ளிகள், விளக்கங்கள், கிளைகள். அந்தப் பத்தையும் அரைப்புள்ளிகள் தனித்தனியாக நிறுத்தி, ஒன்றையும் முடிய விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன.

நான் மூச்சல்ல முறை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே முறை அவ்வளவு துல்லியமாக இருப்பதால் மூச்சும் தானே வந்து சேர்ந்துகொள்கிறது. முற்றுப்புள்ளி போட்டுப் போட்டு எழுதியிருந்தால் பத்துக் குறைகளின் பட்டியல் ஆகியிருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் படிப்பவர் இளைப்பாறியிருப்பார். காற்புள்ளிகளால் கோத்திருந்தால் இரண்டாவது வென்னுக்குள்ளேயே வழி தவறியிருப்பார். அரைப்புள்ளி அவரைத் தவறவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. பொறுத்திருங்கள் என்று சொன்னவர்களுக்கு எழுதிய பதில் அது. படிப்பவர் முதன்மை வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறார். வரவில்லை. இன்னொரு வென் வருகிறது. இன்னும் காத்திருக்கிறார்.

பத்தாவது வென் முடிந்ததும், என் ஏரி வாக்கியத்தில் நாம் திணறி நின்ற அதே வாசலுக்கு கிங்கும் வருகிறார். காற்புள்ளி போடவில்லை, அரைப்புள்ளியும் போடவில்லை. ஒரு நீண்ட கோடு போடுகிறார். அந்தக் கோட்டுக்கு அப்பால் தென் என்ற சொல்லை வைத்து, பொறுத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது உங்களுக்குப் புரியும் என்று சொல்லி, அங்கேதான் முற்றுப்புள்ளி வைக்கிறார்.